பந்தி எழும்பும்வரை

தண்ணீர் தெளித்தாயிற்று, துடைத்தாயிற்று, இனி இந்த இலை எனக்குச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார ஒரு பச்சைத் தரை, அவ்வளவுதான். நல்ல இலை. ஒரு கிழிசல் இல்லை. பந்தியின் முதல் நாற்காலி என்று பார்த்துப் போட்டிருக்கிறார்கள், சாப்பிடமாட்டான் என்று தெரிந்த ஆளுக்கு எதற்கு இவ்வளவு நல்ல இலை. உப்பு வைக்க வந்தவனுக்கு இரண்டு கையையும் விரித்து இலையை மூடிக் காட்டினேன். புது ஆள். "விரதமாய்யா?" என்றான். பின்னால் பச்சடி வாளியோடு வந்த வேலாயுதம், "ஏல, அண்ணாச்சி இலையத் தாண்டிப் போ. அவாளுக்கு வைக்கக் கூடாது" என்று அவன் முதுகில் தட்டினான். வேலாயுதத்துக்குத் தெரியும். என் தம்பி கோமதிநாயகத்தோடு கூடவே சட்டி தூக்கினவன் அவன். கோமதிநாயகம் சமைத்த எந்த விசேஷத்திலும் நான் கை நனைத்ததில்லை. வராமல் இருந்ததும் இல்லை. வராமல் இருந்தால் கோபம் எப்படித் தெரியும்? வருவேன், மூத்தவன் என்று முதல் நாற்காலியில் உட்காருவேன், வெறும் இலையை வைத்துக்கொண்டு இருப்பேன், அவன் சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான், எனக்கு அது போதும். எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு, பெண் வீட்டு மூத்தவர் இலையை மடிக்கும்வரை பந்தியில் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது, அவர் மடித்துவிட்டால் அதற்குமேல் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். அதனால் எனக்குத் தோன்றுகிறபோது வெறும் இலையை மடித்துவிடுவேன். பாயாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தவர்கள் உண்டு. என்னைத் திட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள், திட்டட்டும், அந்தத் திட்டில் பாதி சமைத்தவனுக்கும் போய்ச் சேரும்.

மின்விசிறிக் காற்று இலை நுனியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தம்ளரை நகர்த்தி அதன்மேல் வைத்தேன். இப்படித்தான் அன்றைக்கும் காற்று. அன்றைக்கு என் மகள் செண்பகத்துக்கு மறுவீடு, இதே திருநெல்வேலியில், இதைவிடச் சின்ன மண்டபம். மறுவீடு என்றால் எங்கள் பக்கம் சொதிதான், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, தேங்காய்ப் பாலில் காய் வெந்த அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றினால்தான் சம்பந்தம் முழுசாகும். சமைத்தவன் கூடப்பிறந்த தம்பி. காய் வெந்துவிட்டது, கடைசியில் இறக்கிவைத்து ஊற்ற வேண்டிய கெட்டியான முதல் பாலை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டுவிட்டான், திரிந்துபோனது. திரிந்தால் என்ன, பால்தானே, என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணே, இப்படி ஆகிப்போச்சு. அவ்வளவு சொன்னால் போதும், நான் ஏதாவது செய்திருப்பேன், சம்பந்தி காலில்கூட விழுந்திருப்பேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எனக்கு ஒன்றும் தெரியாது, பந்தி நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், பருப்புக்குப் பிறகு சொதி வரவில்லை, ரசம் வருகிறது. சம்பந்தி ரசவாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இலையை மடித்தார். சொதி ஊத்தாத வீட்டுப் பொண்ணு என்று செண்பகத்தை அவள் மாமியார் சாகும்வரை சொன்னாள். இப்போது செண்பகத்தின் மகன் காலேஜ் போகிறான். கோமதிநாயகம் போன பங்குனியில் போய்ச் சேர்ந்தான், நான் தெருமுனை வரைக்கும் போய் நின்றேன், பாடை திரும்புகிறவரை நின்றேன், அதற்குமேல் போகவில்லை.

இன்றைக்குச் சமையல் அவன் மகள் பிரமு. பிரமநாயகி, எங்கள் அம்மா பெயர். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது என்பார்கள், அப்பன் பாதி உடம்பு விளங்காமல் படுத்ததும், அவன் கைநீட்டி ஒத்துக்கொண்ட விசேஷங்களை விடக்கூடாதென்று கரண்டியைப் பிடித்தாள். அவளைப் பற்றின சேதி எல்லாம் எனக்கு வந்துகொண்டே இருந்தது, நானேதான் கேட்டு வாங்கினேன், எங்கே சறுக்குவாள் என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரு காதுகுத்துக்குக் கேசரி கிண்டினாள், உருண்டை உருண்டையாகக் கட்டிவிட்டது. அதைச் சொன்ன ஆளுக்கு நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த விசேஷத்தில் அவ்வளவு பெரிய சட்டியே வேண்டாமென்று இரண்டு சட்டியாகப் பிரித்துக் கிண்டினாளாம், வெண்ணெய் மாதிரி இருந்ததாம். அதைச் சொன்னவருக்கு நான் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு வளைகாப்பில் மழை வந்து வெளி அடுப்பெல்லாம் அணைந்துவிட்டது, இவள் சோறு வடித்தது வரைக்கும் போதும் என்று, அடுப்பு வேண்டாத தயிர்ச் சோற்றை முதலில் அனுப்பிவிட்டு, வந்தவர்கள் அதைச் சாப்பிடுகிற நேரத்துக்குள் வராந்தாவில் ஒரு அடுப்பை மூட்டிப் புளிச்சோற்றுக்குத் தாளித்துவிட்டாளாம். இதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எரிச்சல்தான். மில்லில் நான் ஸ்பின்னிங்கில் நின்றவன், நாலாங்கிளாஸ் படிப்புக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிசு, ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறும், ஓட்டத்தை நிறுத்தாமல் அறுந்த நுனியைப் பிடித்து ஒட்டவைக்க வேண்டும், புதுசாக வருகிறவன் நூல் அறுந்ததும் அறுந்த நூலையே பார்த்துக்கொண்டு நிற்பான், அதற்குள் பக்கத்தில் இன்னும் நாலு அறும். நான் அப்படி நின்று நின்று மேஸ்திரியிடம் வாங்கின பேச்சு கொஞ்சமில்லை. அந்த மேஸ்திரியையும் நான் மறக்கவில்லை. இவள் நிற்கிறதில்லை. காலையில் கை கழுவப் பின்பக்கம் போனேன், சமையல்கட்டுத் தரையில் சாக்கட்டியால் ஏதோ வரைந்திருந்தது, கோலம் என்று நினைத்தேன், அடுப்பங்கரையில் எவள் கோலம் போடுவாள், கிட்டப்போய்ப் பார்த்தால் வட்டம் வட்டமாக அடுப்புகள், கோடு கோடாகப் பந்தி, எந்த வாளி எந்த வழியாக வரவேண்டும் என்று அம்பு. பந்திக் கோட்டின் தொடக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் தனியாக வட்டம் போட்டிருந்தது. அது என் நாற்காலி. மிதித்து அழிக்கலாமா என்று கால் எடுத்தேன். ஈரம் படாமல் சுற்றிப் போய்விட்டேன்.

என்னவோ நடக்கிறது. பருப்பும் நெய்யும் போய்விட்டது, அடுத்தது சொதிதானே, வேலாயுதம் மறுபடி பருப்பு வாளியோடு வருகிறான். நெய்க்காரன் பின்னாலேயே. மாப்பிள்ளையின் தாய்மாமனாம், கோவில்பட்டிக்காரர், என் பக்கத்து நாற்காலி முழுக்க நிறைந்து உட்கார்ந்திருக்கிறார், "போதும்யா, வயித்த பருப்பாலேயே அடைச்சிருவிய போலிருக்கு" என்கிறார், ஆனால் கையை மறைக்கவில்லை. அப்பளம் கட்டாக வரவில்லை, ஒவ்வொன்றாக, எண்ணெய் சொட்டச் சொட்ட, இப்போதுதான் பொரித்தது. தண்ணீர்க்காரன் பாதி குடித்த தம்ளரை எல்லாம் நிரப்புகிறான். பரிமாறுகிறவர்கள் கடைசி நாற்காலியிலிருந்து ஆரம்பித்து இந்தப் பக்கம் வருகிறார்கள், முதல் தடவை இங்கிருந்துதானே ஆரம்பித்தார்கள். வாசல் பக்கம் தாம்பூலப் பை அடுக்கியிருந்த மேசையில் இரண்டு பெண்கள் பைகளை அள்ளுகிறார்கள். என் தங்கை புருஷன் குற்றாலம், இன்றைக்கு இந்த மறுவீடு அவன் மகளுக்குத்தான், வேட்டி தடுக்க ஓடுகிறான். "ஏ, பைய எங்க கொண்டு போறீய?" "வாசல்ல சாரல் அடிக்கி மாமா, தேங்கா நனஞ்சிரும்னு பிரமுக்கா உள்ள வைக்கச் சொன்னாவ." வெளியே பார்த்தேன். வெயில் கண்ணைக் குத்துகிறது. குற்றாலம் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான், அவனுக்கு மழையும் வெயிலும் இன்றைக்கு ஒன்றுதான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. விசிறி தூக்கிக்கொண்டு வந்தது, லேசான காட்டம், தேங்காய் எண்ணெயில் பழைய துணி வெந்த மாதிரி, ஒரே ஒரு தடவைதான் அந்த வாசனை என் மூக்கில் ஏறியிருக்கிறது, அன்றைக்கு ரசவாளி போனபிறகு நான் சமையல்கட்டுக்கு ஓடினேனே, ஆள் இல்லாத அடுப்பில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதந்த பால். அதே பால். அப்பன் கை மகளுக்கும் வந்துவிட்டது. உடம்பு முழுக்க ஒரு சூடு பரவுகிறது, சந்தோஷமா இது, இவ்வளவு வருஷம் காத்திருந்ததற்கு இலையில் வைத்துக் கொடுக்கிறார்கள், நான் ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கொஞ்சம் நீட்டி இலையை மடித்தால் போதும். பந்தி எழும்பும். கோவில்பட்டிக்காரர் சொதி எங்கே என்பார். ஊர் முழுக்கப் போகும், அப்பன் ஒரு மறுவீட்டில், மகள் ஒரு மறுவீட்டில். அதோடு இவளை ஒருவனும் கூப்பிடமாட்டான், மறுபடி ஜவுளிக்கடைக்குப் போய் நிற்க வேண்டியதுதான். விரல் இலை ஓரத்துக்குப் போய்விட்டது. ஈரம். அந்தப் பக்கம் கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், புதுத் தாலி மஞ்சளோடு, தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, செண்பகமும் இப்படித்தான், அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கி வைத்துக்கொண்டு தின்னாமல். செண்பகத்தை யார் நினைக்கச் சொன்னது. பின்வாசல் பக்கம் காதை வைத்தேன். இந்நேரம் பிரமுவும் போயிருப்பாள். ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள், சத்தம் கேட்கும். கேட்கவில்லை. கிர்ரென்று ஒரு மோட்டார் சத்தம் கேட்கிறது, அது ஸ்கூட்டர் இல்லை, தேங்காய் துருவுகிற மிஷின்.

பிரமு வந்துகொண்டிருந்தாள். சமையல்கட்டிலிருந்து நேராக, ஓடாமல், நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழியில் ஒருத்தருக்கு நெய் விட்டாள், இன்னொரு பாட்டியிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், முன்கையில் பால் தெறித்த வெள்ளைப் புள்ளிகள். என் பக்கத்தில் வந்து குனிந்தாள். வெளியே பார்க்கிறவர்களுக்கு, பெரியப்பாவை நெய் போட்டுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள் என்று தோன்றும்.

"பெரியப்பா, முதல் பால் திரிஞ்சு போச்சு."

நான் இலை ஓரத்திலிருந்த விரலை எடுக்கவில்லை.

"வேலாயுதண்ணன் சூடா இருக்கட்டும்னு அடுப்புல ஏத்திட்டாவ. காய் நல்லா இருக்கு, அதுல ஒண்ணும் கெடல. தாம்பூலப் பைத் தேங்காயெல்லாம் எடுத்து உடைச்சாச்சு, துருவிக்கிட்டு இருக்காவ. புழிஞ்சு ஊத்துத வரைக்கும் பந்தி எந்திரிக்கக் கூடாது. ரசத்த நான் வெளிய விடமாட்டேன்."

"குத்தாலத்துக்குச் சொன்னியா?"

"மாமாட்ட சொன்னா அவ்வளவுதான், மூஞ்சியே தண்டோரா போட்டுரும். உங்க மூஞ்சி எப்பமும் ஒண்ணுபோலதான இருக்கும்."

இப்படி என்னிடம் ஒருத்தரும் பேசினதில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் இருமல் வந்தது.

"நான் மடிச்சிட்டேன்னா?"

"மடிச்சா முடிஞ்சுது." நெய்க் கிண்ணத்தை இலை ஓரத்தில் வைத்தாள். "நீங்க கை வச்சா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். நீங்க சாப்பிடுததப் பாக்கவே உக்காந்திருப்பானுவ. காலைலேயே வட்டம் போட்டு வச்சேன், உங்க நாற்காலியால எனக்கு வில்லங்கம் வரும்னு. இப்பம் அதையே வச்சுத்தான் தப்பிக்கணும். அதான் வந்து சொல்லிட்டேன்."

வந்து சொல்லிவிட்டாள். எவ்வளவு சின்ன வேலை அது. சமையல்கட்டுக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் என்ன தூரம், அதை அவனால் நடக்க முடியவில்லை, சைக்கிளில் ஏறி எவ்வளவோ தூரம் போக முடிந்தது. இவள் அதே பால் திரிந்த சட்டியிலிருந்து அதற்குள் எதையெல்லாம் யோசித்துவிட்டு வந்திருக்கிறாள், தேங்காய் எங்கே இருக்கிறது, எந்த வாளி வெளியே போகலாம், யாருக்குச் சொல்லக் கூடாது, யாருக்குச் சொல்ல வேண்டும். அதிலும் பகையாளியிடம் வந்து நிற்கிறாள். நூல் அறுந்ததும் அறுந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்காத கை. மேஸ்திரி பார்த்திருக்க வேண்டும். நான் இலை ஓரத்திலிருந்த கையை எடுத்தேன். அதை மட்டும்தான் செய்தேன். அவள் திரும்பி, "வேலாயுதண்ணே, பெரியப்பாவுக்குச் சோறு" என்றாள், எப்போதும் சொல்கிற மாதிரி. வேலாயுதம் கரண்டியோடு அப்படியே நின்றான். "என்னவே பாக்க? வையும்" என்றேன்.

அவள் சொன்னது சரி. பந்தி முழுக்க ஒரு சத்தம் குறைந்தது. எதிர் வரிசையில் என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சோற்றில் பருப்பைப் பிசைந்தேன், வாயில் வைத்தேன், ருசி ஒன்றும் தெரியவில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் தெரிந்தது. சரி, இனி மெதுவாகச் சாப்பிட வேண்டும். மெதுவாகச் சாப்பிடுவது எப்படி? எனக்கு அது தெரியாது, மில் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த வாய், சங்கு ஊதுவதற்குள் தூக்குச்சட்டியைக் காலி பண்ணின பழக்கம், நாலு உருண்டையில் இலை பாதி வெளுத்துவிட்டது. ஐயோ, இது ஆகாது. கை நிற்கவில்லை, கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பச்சடியைத் தொட்டு நக்கினேன், அதில் கொஞ்சம் நேரம் போனது. வேண்டுமென்றே மிளகாயைக் கடித்தேன், தண்ணீர் கேட்டேன், தண்ணீர் வருகிறவரை உதட்டை ஊதினேன், நன்றாகத்தான் நடந்தது, ஆனால் இன்னொரு தடவை மிளகாய் கடிக்க முடியாது. இந்தப் பக்கம் கோவில்பட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "சொதிங்கறாவ, சொதிங்கறாவ, கண்ணுல காட்ட மாட்டேங்கறாவ. ரயில் இருக்கு பாத்துக்கிடுங்க" என்கிறார். நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். ஏதாவது பேச வேண்டும். நான் பந்தியில் பேசினதே கிடையாது, எதைப் பேசுவது, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்றேன்.

"உண்டு, ஒருத்தன். பேச்சுவார்த்தை கிடையாது."

"ஏன்?"

அவ்வளவுதான். நாற்காலி முன்னால் வந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டானாம். அந்த ஒரு சாண் வழியாக ஒரு முருங்கைமரம் வந்தது, முருங்கைமரத்தின் வழியாகக் கம்பளிப்புழு வந்தது, கம்பளிப்புழு இவர் பேத்தி மேல் விழுந்தது. நான் ஒவ்வொரு இடத்திலும் "அப்புறம்?" என்றேன். எனக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல கோபம் அது, பதமாகக் காய்ச்சின கோபம், ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டியிருந்தா நானே ரெண்டு சாண் விட்டுக் குடுத்திருப்பேன் என்று அவர் இலையில் குத்தினபோது நானும் என் இலையில் குத்தினேன். "அதான் பாயிண்ட்டு" என்றேன். சூடாக வடை வந்தது. பிரமு இதை எங்கேயிருந்து பிடித்தாள், சாப்பாட்டுக்கு வடையே பேசவில்லையே, காலைப் பலகாரத்துக்கு ஆட்டின மாவு மிச்சம் இருந்திருக்கும். நான் வடையைப் பிய்த்தேன், அவர் பிய்த்தார், சுவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டு வாசலில் அவள் தெரிந்தாள். என்னைப் பார்த்தாள். நான் வடையில் ஒரு துணுக்கை விரல்நுனியில் எடுத்துக் காட்டினேன், இன்னும் இருக்கிறது, நீ உன் வேலையைப் பாரு. மிஷின் சத்தம் நின்றுவிட்டது. நின்றால் பிழிகிறார்கள். அதைப் பாதிச் சூட்டில் ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் இதுவும் திரியும், அவசரப்படாதே, நான் இருக்கிறேன், இந்த ஆளுக்கு இன்னும் சுவரின் மறுபக்கம் இருக்கிறது. யாருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோமதிநாயகத்தின் மகளுக்கு.

சொதிவாளி வந்தது. அவளே கொண்டுவந்தாள். முதலில் மாப்பிள்ளைக்கு, பிறகு பெண்ணுக்கு, பிறகு கோவில்பட்டிக்காரருக்கு, அவர் சுவரை அப்படியே விட்டுவிட்டுச் சோற்றில் குழி பண்ணினார். பிறகு என் இலை. இளமஞ்சளாக விழுந்தது, முருங்கைக்காயும் பச்சைப் பட்டாணியும், ஒரு பிசிறு இல்லை, பால் பாலாகவே இருந்தது. வாயில் வைத்தேன். உப்பு ஒரு கல் குறைவு. சொல்லவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லி விரலைக் காட்டினேன், ரசத்துக்கு, பாயாசத்துக்கு, தயிருக்கு எல்லாவற்றுக்கும் கையைக் காட்டினேன், எத்தனையோ வருஷத்துப் பசி. அதற்காகக் கோமதிநாயகத்தை மன்னித்துவிட்டேன் என்று எவனும் கிளப்பிவிட வேண்டாம். அவன் கணக்கு அப்படியே இருக்கிறது. இது வேறு ஆள், வேறு சட்டி. எல்லாருடைய இலையும் காலியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் இலையை என் பக்கமாக மடித்தேன், பந்தி எழும்பியது.

வாசலில் குற்றாலம் தாம்பூலப் பை கொடுக்க ஆரம்பித்தான், மூத்தவன் என்று முதல் பை எனக்கு. என் பையைத் தூக்கினவன், மறுபடி தூக்கிப் பார்த்தான், உள்ளே கையை விட்டான், வெற்றிலையும் பாக்கும்தான் கிடைத்தது.

"என்ன மச்சான் இது, பை லேசா இருக்கு? காலைல நானே தேங்கா போட்டு வச்சேன். எந்தக் களவாணிப் பய எடுத்தான்?"

"நான்தான் மாப்ளே" என்றேன். "சாப்பிட்டுட்டேன்."